பச்சை ஒயர்

இரவு 9:40-க்கு வாசலில் என் மின்சாரக் காரை நிறுத்தியபோது திரையில் பேட்டரி 9 சதவீதம் காட்டியது. அதை வைத்துக் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர் ஓடலாம். ஆலங்குடிக்குப் பக்கத்தில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சார்ஜ் போடப் புதுக்கோட்டைக்குப் போகலாம், அந்த 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான். ஆனாலும் ராத்திரி நேரத்தில், கடைசி இரண்டு சதவீதத்தை நம்பி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற அந்தச் சாலையில் இறங்க மனம் வரவில்லை. போகத் தேவையிருக்காது என்றும் நினைத்தேன். வீடு கட்டும்போது மொசைக் பாலிஷ் மிஷினுக்காக அப்பா வாசல் பக்கம் போட்டுவைத்த 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் இருக்கிறது. இப்போது செருகினால் நாளை மதியத்துக்குள் பேட்டரி நிறைந்துவிடும்.

செருகினேன். கேபிளின் நடுவில் செங்கல் அளவில் ஒரு பெட்டி உண்டு. அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எல்லோரும் அந்தப் பெட்டியைச் சார்ஜர் என்கிறோம். உண்மையான சார்ஜர் வண்டிக்குள் இருக்கிறது. வெளியே இருக்கும் பெட்டி ஒரு வாயிற்காப்போன் மாதிரி. சுவரிலிருந்து வரும் வோல்டேஜ் சரியா, எர்த் இருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று முதலில் பார்க்கும். எல்லாம் சரி என்றால் வண்டியோடு பேசத் தொடங்கும். கேபிளில் அதற்கென்றே ஒரு மெல்லிய கம்பி போகிறது. அதில் பெட்டி 12 வோல்ட் வைக்கும். வண்டியில் மாட்டியதும் அது 9 வோல்ட்டாக இறங்கும். ‘நான் தயார்’ என்று வண்டி சொல்லும்போது 6 வோல்ட்டாகும். அதன் பிறகுதான் பெட்டிக்குள் ரிலே விழுகிற ‘டக்’ சத்தம் கேட்கும், மின்சாரம் பாயும். சென்னைக் குடியிருப்பில் ஒவ்வொரு ராத்திரியும் அந்த ‘டக்’கைக் கேட்டுவிட்டுத்தான் மாடிப்படி ஏறுவேன்.

அன்று அந்தச் சத்தம் வரவில்லை. அன்றைக்கு நான் பார்த்த இரண்டாவது சிவப்பு அது.

முதல் சிவப்பு மதியம், உளுந்தூர்பேட்டையைத் தாண்டி ஓர் உணவகத்தின் வளாகத்தில். சென்னையிலிருந்து 200 கிலோமீட்டர் வந்திருந்தேன், பேட்டரியில் 26 சதவீதம். கத்திரி வெயிலுக்கு நடுவே வந்த கோடைமழை அப்போதுதான் கொட்டி ஓய்ந்திருந்தது. இரண்டு கன் உள்ள வேகச் சார்ஜர். முதல் கன்னைத் தொடுவதற்கு முன்பே திரையில் பிழை என்று வந்திருந்தது. இரண்டாவதை எடுத்து மாட்டினேன். பேச்சுவார்த்தை நடந்தது, எண்கள் ஓடின, பத்து விநாடியில் நின்றது. இன்சுலேஷன் பிழை.

இந்தச் சொல்லைக் கண்டதும் வண்டியே போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள், எனக்கும் முதல் தடவை வயிறு கலங்கியிருக்கிறது. நடப்பது இதுதான். வேகச் சார்ஜர் சில நூறு வோல்ட் நேர்மின்சாரத்தை நேரே பேட்டரிக்குள் தள்ளுவது. அதனால் தள்ளுவதற்கு முன் கேபிளில் மட்டும் வோல்டேஜை ஏற்றிப் பார்க்கிறது. பாசிட்டிவிலிருந்தோ நெகட்டிவிலிருந்தோ எர்த்துக்குக் கசிவு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். கன்னின் வாயில் நாலு சொட்டு மழைநீர் தேங்கியிருந்தாலே அந்தச் சோதனை தோற்கலாம். கன்னைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன், கால் மணி நேரம் கூரைக்குக் கீழே தொங்கவிட்டேன். உள்ளே துணியோ விரலோ விடக்கூடாது. மறுபடி மாட்டியும் அதே பிழை.

உணவகத்தில் வண்டிகளுக்கு இடம் காட்டும் பெரியவர் குடையோடு வந்தார். “சார், அந்தச் செவப்புப் பொத்தானப் பாருங்க. பசங்க வெளையாட்டா அமுக்கிட்டுப் போயிருவாங்க.” முதல் கன்னுக்கென்று சார்ஜரின் பக்கவாட்டில் காளான் மாதிரி இருக்கும் அவசர நிறுத்தப் பொத்தான் உள்ளே அமுங்கிக் கிடந்தது. வலப்பக்கம் திருகினால் வெளியே வந்துவிடும். திருகினேன். இரண்டு நிமிடத்தில் திரை புதிதாக விழித்தது. முதல் கன் காய்ந்துதான் இருந்தது. அதை மாட்டும்போது பெரியவர் கேபிளைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கேபிளின் கனம் கன்னைக் கீழே இழுத்தால் பின்கள் சரியாக உட்காராது, பேச்சு பாதியில் அறும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டது அது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் கையை எடுத்தார். 85 சதவீதம் ஏற 55 நிமிடம் ஆனது, கடைசி ஐந்து சதவீதம் ஊர்ந்துதான் ஏறியது.

நெடுஞ்சாலைப் பிழைகளுக்கு இப்படி ஒரு கன் போனால் இன்னொரு கன், இந்த ஊர் போனால் அடுத்த ஊர் என்று வழி இருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பாயிண்ட்.

ராத்திரி 10 மணிக்கு, டிக்கியில் வைத்திருக்கும் மல்டிமீட்டரை எடுத்துச் சாக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 228 வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 61 வோல்ட். அங்கே இரண்டோ மூன்றோ வோல்ட்தான் இருக்க வேண்டும். எர்த் ஒயர் எங்கேயோ பிடிப்பில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது என்று அதற்குப் பொருள்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். “எங்க வீட்லயும் ஒங்க வீட்லயும் ஃபேன் ஓடுது, மோட்டார் ஓடுது, ஃபிரிட்ஜ் ஓடுது. ஒன் வண்டிக்கு மட்டும் கரண்ட் புடிக்கலன்னா வண்டியிலதானப்பா கோளாறு?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. எர்த் இல்லாமல் எல்லாமே ஓடும். பேஸில் வந்து நியூட்ரலில் திரும்பினால் ஃபேன் சுற்றிவிடும். மூன்றாவது ஒயர் வேலை செய்கிற ஒயர் இல்லை, ஆபத்து வரும்போது மட்டும் தேவைப்படுகிற ஒயர். அதனால்தான் அது இருக்கிறதா என்று எந்த வீட்டிலும் யாரும் பார்ப்பதில்லை. மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கிறது. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகச் செய்தது. நாமோ மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்தி உள்ளே இருக்கும் தடுப்பைத் திறந்துகொண்டு, கீழே இரண்டு பின் ப்ளக்கைச் செருகிப் பழகியிருக்கிறோம்.

சித்தப்பா மகன் போனிலேயே ஒரு வழி சொன்னான். “அண்ணே, சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர் போட்டு லூப் அடிச்சிருங்க. பச்ச எரிஞ்சிரும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.”

எரியும். அது எனக்குத் தெரியும். நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் செய்யப்பட்டிருப்பதால் பெட்டி அதை எர்த் என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற நியூட்ரல் ஒயர் ஒரு நாள் அறுந்தால், எரிந்துகொண்டிருக்கும் விளக்குகள் வழியாகவும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ் வழியாகவும் பேஸ் வந்து வீட்டு நியூட்ரலில் நிற்கும். லூப் அடித்திருந்தால் அதே பேஸ் காரின் உடம்பிலும் நிற்கும். கார் நிற்பது ரப்பர் டயரில். தரைக்குப் போக வழியில்லாமல் அந்த 230 வோல்ட் கதவுக் கைப்பிடியில் காத்துக்கொண்டிருக்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று யார் கதவைத் தொடுகிறாரோ அவர்தான் அதற்கு எர்த். தென்னை மட்டை விழுந்து கம்பி அறுவது அதிசயமே இல்லாத ஊர் இது. ஒரு ராத்திரிச் சார்ஜுக்காக அம்மா நடமாடுகிற வாசலில் அப்படி ஒன்றை நான் வைக்க மாட்டேன். கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலை 7 மணிக்கு ஒயர்மேன் அண்ணன் வந்துவிட்டார். அறுபதை நெருங்கியவர், இந்த வீட்டுக்கு முதன்முதலில் ஒயரிங் செய்தவரிடம் உதவியாளாக இருந்தவர். கையில் டெஸ்டர், ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பு, அவ்வளவுதான். என் மல்டிமீட்டரைப் பார்த்து, “இது பொய் சொல்லும் தம்பி, பல்பு பொய் சொல்லாது” என்றார். அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. மல்டிமீட்டர் தன் வழியாக ஏறக்குறைய மின்சாரமே இழுக்காது. அந்தரத்தில் தொங்கும் ஒயர் பக்கத்து ஒயரிலிருந்து வாங்கிக்கொண்ட வோல்டேஜைக்கூட அது எண்ணாகக் காட்டிவிடும். பல்பு எரிய அரை ஆம்ப்ஸ் அளவுக்கு ஓட்டம் வேண்டும். மண் அதை வாங்கிக்கொண்டால்தான் எரியும்.

வாசல் பாயிண்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பை வைத்தார். இழை சிவக்கக்கூட இல்லை. உடனே நான் நியூட்ரல்-எர்த்தை மறுபடி அளந்தேன். ராத்திரி 61 இருந்த இடத்தில் இப்போது 174 வோல்ட்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அறுந்த எர்த் ராத்திரிக்கும் காலைக்கும் நடுவே எப்படி இவ்வளவு மாறும்? அண்ணன் சத்தமாகக் கேட்டார்: “ஆத்தா, உள்ள என்னென்ன ஓடுது?”

“ஃபிரிட்ஜு ஓடுது. தம்பி குளிக்கட்டும்னு ஹீட்டரு போட்டேன்.”

“ஹீட்டர அமத்துங்க.”

அமர்த்தினார். 174 சரிந்து 58-க்கு வந்தது. போடச் சொன்னோம். மறுபடி 174.

அப்போது அம்மா, அடுக்களை வாசலில் நின்றபடி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சாதாரணமாகச் சொன்னார். “காலம்பற ஃபிரிட்ஜத் தொறந்தா சுள்ளுன்னும்ப்பா. மத்தியானம் ஒண்ணும் செய்யாது. அதான் பலகையில ஏறி நின்னுக்கிருவேன்.” ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு பழைய மணைப்பலகை கிடந்தது. போன தடவை வந்தபோதும் அது அங்கே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலிக்கு உட்கார வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் சுள்ளென்பது குளியலறைக்கு அந்த ஹீட்டர், அதாவது கீசர், வந்த பிறகுதான் என்றார். லேசான சுருசுருப்பு அதற்கு முன்பே உண்டாம், “புயலுக்குப் பெறகு” என்றார்.

எங்கள் பக்கத்தில் புயல் என்றால் ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா இந்த வழியாகப் போனது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் தென்னையும் பலாவும் விழுந்ததை வார்த்தையில் சொல்ல முடியாது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் வயலில் நின்று கம்பம் நட்டதை இன்றும் ஊரார் நன்றியோடு சொல்வார்கள். விளக்கு எரிந்த அன்று தெருவே கைதட்டியது. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்களும் நினைத்தோம்.

அண்ணன் மீட்டர் பெட்டியிலிருந்து நடக்கத் தொடங்கினார், நான் பின்னால் போனேன். மெயின் போர்டின் அடியிலிருந்து ஒரு ஜிஐ கம்பி சுவரோடு இறங்கி, கொல்லைப் பக்கம் திரும்புகிறது. குளியலறைச் சுவரைத் தாண்டி, துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, வேலி ஓரமாகப் போகிறது. அப்பா காலத்தில் அங்கே ஒரு சிமெண்ட் தொட்டியும் அதன் நடுவில் தலை நீட்டும் பைப்பும் இருந்தன. கோடையில் அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றச் சொல்லி அப்பா எங்களை விரட்டுவார், எதற்கென்று கேட்டதில்லை. இப்போது அந்த இடத்தில் புல்லும் காய்ந்த மட்டையும் மூடிக் கிடந்தன. அண்ணன் கடப்பாரையால் மட்டைகளைப் புரட்டினார். தொட்டி இரண்டாக உடைந்து கிடந்தது. பைப் ஒரு பக்கம் வளைந்திருந்தது. கிளாம்பில் மூன்று அங்குலத் துண்டுக் கம்பி, துருப்பிடித்து, முனை பிய்ந்து நின்றது. மீதிக் கம்பி வேலி முள்ளுக்குள் எங்கேயோ சுருண்டு கிடந்தது.

“இந்த எடத்துலதான் ரெண்டு தென்ன விழுந்துச்சு தம்பி. அறுத்து எடுக்கும்போது ஒயரும் போயிருக்கு.”

விழுந்த கம்பங்களை நட்டார்கள், ஒயர்களை இழுத்தார்கள், மீட்டரைச் சரிபார்த்தார்கள். கொல்லையில் அறுந்த இந்த ஒரு கம்பி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அது இல்லாததால் எந்த விளக்கும் அணையவில்லையே. ஏழு வருடமாக இந்த வீடு எர்த் இல்லாமல் ஓடியிருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது ஒரு காரின் சிவப்பு விளக்கு.

அதைவிட மோசமானது, வீட்டுக்குள் பச்சை ஒயர்கள், அதாவது எர்த் ஒயர்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. கேட்க விநோதமாக இருக்கும். ஒவ்வொரு சாக்கெட்டின் பச்சை ஒயரும் மெயின் போர்டில் ஒன்றாகச் சேர்ந்து, அங்கிருந்து மண்ணுக்குப் போக வேண்டும். மண்ணுக்குப் போகும் வழி அறுந்துவிட்டால் அவை ஒன்றோடொன்று கைகோத்தபடி நிற்கும். ஒரு கருவியில் கசிந்தால் அந்தக் கசிவு பச்சை ஒயர் வழியாகவே மற்ற எல்லாக் கருவிகளின் உடம்புக்கும் போய்ச் சேரும். குளியலறைக் கீசரின் ஹீட்டிங் காயில் வெடித்துக் கசிந்தது. அடுக்களை ஃபிரிட்ஜின் கதவு சுள்ளென்றது. காப்பாற்ற வேண்டிய ஒயரே கசிவைச் சுமந்துகொண்டு வந்து அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறது. ராத்திரி நான் வண்டியைச் செருகியபோது அந்தப் பெட்டி மறுக்காமல் இருந்திருந்தால், காலையில் கீசர் போட்டதும் காரின் உடம்பிலும் அதே வோல்டேஜ் ஏறியிருக்கும்.

அந்தக் கீசரை வாங்கி மாட்டச் சொன்னது நான். மார்கழிக் குளிருக்கு அம்மா வெந்நீர் வைத்துத் தூக்கக்கூடாது என்று. அதில் அவர் இத்தனை நாள் குளித்திருக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

மதியத்துக்குள் புதுக் குழி தோண்டினோம். பழைய இடம் வேண்டாம் என்றார் அண்ணன். சுவரிலிருந்து ஐந்தடிக்கு மேல் தள்ளி, குளியலறைத் தண்ணீர் போகும் தென்னம்பாத்தி ஓரம் இடம் பார்த்தார். எங்கள் ஊர் மண் செம்மண், கோடையில் கல்லாகிவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. ஈரம் இருந்தால்தான் வாங்கும். மழைக்காலத்தில் சரியாக வேலை செய்த சார்ஜர் சித்திரையில் முரண்டு பிடிப்பது அதனால்தான், அது புரியாமல் பலர் குழம்புகிறார்கள். பக்கத்துத் தோப்பிலிருந்து வந்த இரண்டு பேர் கடப்பாரையால் எட்டடி ஆழம் இறக்கினார்கள். ஓட்டை போட்ட ஜிஐ பைப்பை நிறுத்தி, சுற்றிலும் கொட்டாங்கச்சிக் கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்பினார்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைக்கும், கரி அதைப் பிடித்து வைக்கும். உப்பு பைப்பையும் அரிக்கும் என்பதால் சில வருடங்களுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். மேலே புனல் வைத்து, சிறிய தொட்டி கட்டினார்கள். எட்டுக் குடம் தண்ணீர் குடித்தது அந்தக் குழி.

இதற்கிடையில் நான் சித்தப்பாவின் பைக்கில் ஆர்சிசிபி வாங்கப் போனேன். இது பலருக்குப் புரியாத பொருள், கொஞ்சம் நின்று சொல்கிறேன். எம்சிபி என்பது அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் விழுவது. ஆள் உயிரைக் காப்பது அதன் வேலை இல்லை, ஒயர் தீப்பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. எர்த்தின் தடை 100 ஓம் இருக்கிற வீட்டில் பேஸ் போய்க் காரின் உடம்பில் பட்டால் 2.3 ஆம்ப்ஸ்தான் மண்ணுக்கு ஓடும். 16 ஆம்ப்ஸ் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆர்சிசிபி வேறு கணக்குப் போடுகிறது. பேஸில் போனது முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்ப்ஸ் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

ஆலங்குடிக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். முகப்பில் ஒரு சின்ன அலைக்கோடு மட்டும் வரைந்திருந்தது. அது ஏசி வகை. காருக்குள் இருக்கும் சார்ஜர் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றுவது, அதில் கோளாறு வந்தால் கசிவும் துண்டு துண்டான நேர்மின்சாரமாக இருக்கலாம். அதை ஏசி வகை சரியாக உணராது. காருக்குக் குறைந்தது, அலைக்கோட்டுக்குக் கீழே பாதி அலைகளும் வரைந்திருக்கும் ஏ வகையாவது வேண்டும். விலை கூடுதல். அதைத் தேடிப் புதுக்கோட்டை வரை போக வேண்டியிருந்தது. அங்கிருந்த கடைக்காரர் இரண்டு வகையையும் கவுண்டரில் வைத்து, இவ்வளவு நாள் இந்தக் கோட்டைக் கவனித்ததே இல்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வரும்போது புது 15 ஆம்ப்ஸ் சாக்கெட்டும் 4 ஸ்கொயர் செம்பு ஒயரும் வாங்கி வந்தேன். பழைய சாக்கெட்டைக் கழற்றியபோது உள்ளே பித்தளைப் பிடிகள் தளர்ந்து, பின்புறம் பழுப்பேறியிருந்தது. அயர்ன் பாக்ஸ் கால் மணி நேரம் ஓடும், மிக்ஸி ஐந்து நிமிடம். கார் 13 ஆம்ப்ஸை 12 மணி நேரம் நிறுத்தாமல் இழுக்கும். தளர்ந்த பிடிப்பு அந்த நேரம் முழுக்கச் சூடேறிக்கொண்டே இருக்கும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் ப்ளக்கைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத அளவு இருக்கக்கூடாது.

மாலை 5 மணிக்குப் பச்சை ஒயரைப் புதுப் பைப்பில் கட்டினார்கள். ஆர்சிசிபிக்கு முன்னாலேயே, மெயினில், அண்ணன் பல்பை எடுத்துப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். பளீரென்று எரிந்தது, நியூட்ரலில் வைத்தால் எப்படி எரியுமோ அப்படி. அது எரியும்போதே நான் நியூட்ரல்-எர்த்தை அளந்தேன். பல்பு வைக்கும் முன் 1 வோல்ட் இருந்தது 4 ஆகியிருந்தது. 100 வாட் பல்பு இழுப்பது 0.43 ஆம்ப்ஸ். அது 3 வோல்ட் ஏற்றியிருக்கிறது என்றால் மண்ணின் தடை ஏறத்தாழ 7 ஓம். எர்த் டெஸ்டர் இல்லாமல் கிடைத்த தோராயக் கணக்குதான், ஆனால் கோடையில், செம்மண்ணில், முதல் நாளில் 7 ஓம் என்றதும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “பொய் சொல்ற மீட்டருன்னு சொன்னேன், இன்னிக்கு உண்மையச் சொல்லிருச்சு” என்றார்.

வாசல் பாயிண்டுக்கு ஏ வகை, வீடு முழுமைக்கும் இன்னொன்று என்று இரண்டு ஆர்சிசிபி மாட்டினோம். கீசரைப் போட்டார் அண்ணன். வீடே இருண்டது. ஏற்றிவிட்டுக் கீசர் இல்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டோம்: ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார். ஆர்சிசிபி விழாமல் நின்றது. கீசரைத் தொட்டால் விழுந்தது. இத்தனை நாள் மணைப்பலகை செய்த வேலையை இப்போது அந்தக் கருவி செய்தது. கீசரைச் சுவரிலிருந்து கழற்றிக் கொல்லையில் வைத்தாயிற்று.

சித்தப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “நாளைக்கு நம்ம வீட்டு எர்த்தையும் ஒரு எட்டுப் பாத்துருப்பா” என்று ஒயர்மேன் அண்ணனிடம் சொன்னார். அவர் கொல்லையிலும் அதே புயலில் நாலு தென்னை விழுந்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டு அத்தையும் வந்து, தன் வீட்டுக் கிரைண்டர் மழைநாளில் இழுக்கும் என்றார். அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் மணைப்பலகை கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அண்ணன் மூன்று வீட்டுக்கு நாள் குறித்துக்கொண்டார்.

இரவு 7:15. கேபிளைச் செருகினேன். பெட்டியில் ஒவ்வொரு விளக்காக ஓடியது. பச்சை நின்றது. கன்னை வண்டியில் மாட்டினேன்.

‘டக்.’

அம்மா திண்ணையிலிருந்து, “ஏறுதாப்பா?” என்றார். ஏறுகிறது என்றேன். எர்த் தொட்டியைக் காட்டி, வெள்ளிக்கிழமை தோறும் அதில் ஒரு குடம் ஊற்ற வேண்டும் என்று சொன்னபோது, “அப்பா சொல்ற மாதிரியே சொல்ற” என்றார்.

மறுநாள் காலை காபிக்குப் பால் எடுக்கப் போனார். மணைப்பலகையை நான் முதல் நாள் ராத்திரியே எடுத்துப் பரணில் போட்டிருந்தேன். வெறுந்தரையில், வெறுங்காலோடு, ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றார். புறங்கையால் கதவின் ஓரத்தை ஒரு தடவை தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார். பிறகு கைப்பிடியை முழுதாகப் பிடித்துத் திறந்தார்.